பத்துக்கு ஆறு

கால்பந்து மைதானத்தில் கண்ணாடி போட்ட ரெஃப்ரீயைப் போல ஊருக்கு இளைத்தவர் யாரும் கிடையாது. ஜோகுபாளையத்து சங்கமித்ரா வார நாட்களில் பள்ளியில் பி.டி. டீச்சர், ஞாயிற்றுக்கிழமை ரெஃப்ரீ. எட்டு வருடமாக விசில் ஊதுகிறாள். மைனஸ் ஆறரை கண்ணாடியை எலாஸ்டிக் பட்டையால் தலையோடு கட்டிக்கொண்டு ஓடுவாள். காண்டாக்ட் லென்ஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. போட்ட இரண்டு மணி நேரத்தில் கண் மிளகாய்ப் பழமாகிவிடும். "சோடாபுட்டி!" என்று கத்துகிறவர்களை அவள் சட்டை செய்ததே இல்லை.

போன வருடம் மழையில் நடந்தது வேறு கதை. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். லைன்ஸ்மேன் சேற்றில் சறுக்கி விழுந்து கிடந்தார். பந்து கோல் கோட்டைத் தாண்டியதா இல்லையா, அவளுக்குத் தெரியவில்லை. குருட்டாம்போக்கில் "கோல் இல்லை" என்று கையை ஆட்டிவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் ஒருவர் மொபைலில் வீடியோவைக் காட்டினார். பந்து ஒரு சாண் உள்ளே இருந்தது. அந்த ஒரு கையாட்டலில் ஒரு டீம் லீக்கை விட்டே போயிற்று. இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது.

கண்ணாடியைத் தூக்கிப்போட வழி கேட்டு மறுமாதமே கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கருவிழி மெல்லிசாக இருக்கிறது, அதனால் மேல்தோலை எடுத்துவிட்டு லேசர் வைக்கிற முறைதான் சரிப்படும் என்றார் டாக்டர் மமதா. வலி ஜாஸ்தி, பார்வை முழுசாகத் தெளிய மூன்று மாதம்கூட ஆகலாம், அவசரப்படக் கூடாது என்றும் சொன்னார். சங்கமித்ரா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் என்னவோ கால் மணி நேரம்தான். இமைகளைக் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டு, மேலே தெரிகிற விளக்கையே பார் என்றார்கள். பார்த்தாள். முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. கருகுவது தன் கண்ணோ என்று தோன்றியதும் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

அடுத்த மூன்று நாள் கண்ணுக்குள் மணலைப் போட்டு அரைத்த மாதிரி இருந்தது. ஜன்னலுக்குக் கனத்த போர்வை, முகத்தில் கறுப்புக் கண்ணாடி. கணவன் ரவிக்குமார் கேப் ஓட்டுகிறவன். வண்டியை நிறுத்திவிட்டு, மொபைலில் அலாரம் வைத்து வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டான். பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மி, "நல்ல விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடு, குளுகுளுன்னு ஆயிரும்" என்று கிண்ணத்தோடு வந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் ரவிக்குமார் அலறிய அலறலில், அவள் ஒரு வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

நாலாவது வாரம் ஓடலாம் என்றார் டாக்டர். வலது கண் பளிச்சென்று இருந்தது. எதிர் வரிசை மாடியில் காய்கிற துணியின் பூக்களைக்கூட எண்ணினாள். இடது கண்தான் சண்டித்தனம் செய்தது. பொழுது சாய்ந்தால் ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று முளைத்தது.

ஐந்தாவது வாரம் அசோசியேஷன் செக்ரட்டரி பெர்னார்ட் போன் செய்தார்.

"மித்ரா, வர்ற ஞாயித்துக்கெழம கப் ஃபைனல். சாயங்காலம் அஞ்சு மணி. உன்னைத்தான் போட்டிருக்கேன். நம்ம கப்புல ஒரு லேடி ஃபைனல் ஊதறது இதான்மா மொத தடவ."

எட்டு வருடமாகக் காத்திருந்த போன். ஆனால் ஐந்து மணி ஆட்டம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "நாளைக்குச் சொல்லட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஏரிக்குப் பக்கத்து கிரவுண்டுக்கு ரவிக்குமாரை இழுத்துக்கொண்டு போனாள். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். அவன் கோல் கோட்டில் பந்தை வைக்க வேண்டும். சில தடவை முழுசாகத் தாண்டி, சில தடவை விரல் அளவு கோட்டின் மேல். அவள் பதினெட்டு கஜம் தள்ளி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். பத்து தடவை வைத்தான். பத்து தடவையும் சொன்னாள்.

"எத்தனை சரி?"

"எட்டு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எம்மேல சத்தியமா சொல்லுங்க."

"ஆறு."

அவள் முகம் வாடியதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா இப்போ? ஃபைனல்ல இந்த மாதிரி பந்து பத்து தடவையா வரப்போகுது? ஒரு தடவ வந்தா ஜாஸ்தி. சும்னே கொழப்பிக்காம போய் ஊதிட்டு வா."

"அந்த ஒரு தடவைக்குத்தாங்க ரெஃப்ரீயே வெச்சிருக்காங்க."

போனை எடுத்தாள். பெர்னார்டைக் கூப்பிட்டாள். "சார், ஞாயித்துக்கெழம வேற ஆளைப் போடுங்க. எடது கண்ணு இன்னும் சரியா தெரியல."

"மித்ரா, கமிட்டியில சண்ட போட்டு உன் பேரை வாங்கியிருக்கேன். அடுத்த வருஷம் நான் இருப்பனோ மாட்டனோ. ஓட்டப் பரீட்சை பாஸு, டாக்டர் சர்டிபிகேட்டும் இருக்கு. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க சார். அதான் நானே சொல்லிடறேன்."

பெர்னார்ட் இருமினார். "இருவது வருஷமா ரெஃப்ரீங்களோட மாரடிக்கிறேன். தெரியலன்னு சொன்ன மொத ஆள் நீதாம்மா. சரி, கண்ணைப் பாத்துக்கோ." ஃபைனலைப் பற்றியும் அடுத்த வருடத்தைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றாகவே அழுதாள். பிறகு, கண்ணைக் கசக்கக் கூடாது என்பதால் கன்னத்தை மட்டும் துடைத்துக்கொண்டு, சொட்டு மருந்தை விட்டு, பதினெட்டு கஜத்தில் போய் நின்றாள்.

"பந்தை வைங்க."

"இருட்டப் போவுது மித்ரா. வீட்டுக்குப் போலாம்."

"இருட்டுலதான் தப்பு வருது. வைங்க."