நால்வர் நானூறு பேரான கதை

1

இந்தக் கதை நானாகத் தேடிப் போனதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. முன்னாள் சோவியத் நகரமான அல்மாட்டியில் எங்கள் கிருஷ்ண பக்தி இயக்கம் வேர்விட்டு நாற்பதாண்டு ஆனதற்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள். கோயில் தலைவர் தமீர் கூப்பிட்டுச் சொன்னார்: "நோக்கம் ஒரு பக்கம், வளர்ச்சி ரெண்டு பக்கம். அழுகாச்சி மட்டும் வேணாம் பிரபு."

நோக்கம் சுலபம். நாமம் கேட்காத ஊர் உலகத்தில் இருக்கக் கூடாது. வளர்ச்சியில்தான் பேனா நின்றுவிட்டது.

2

முதல் தொடக்கம்: "அன்று நால்வர், இன்று நானூறு பேர், இடையே இறைவனின் கருணை..."

(அடித்துவிட்டேன். இடையே இருந்தது அக்மரல்.)

அக்மரல் விதை ஆய்வுக்கூடத்தில் தட்டச்சு செய்தவள். சோவியத் காலம், மத நூல்களுக்குத் தடை. வீட்டில் கார்பன் தாள் வைத்துக் கீதையைப் படியெடுப்பாள். ரொட்டிக்கடை ரிம்மா அதை மாவு மூட்டைக்குள் வைத்து ஊர் ஊராக அனுப்புவாள். 1984 பிப்ரவரியில் அக்மரலைப் பிடித்தார்கள். அடிக்கவில்லை. அதிகாரி தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"பொண்ணுக்கு எத்தன வயசு?"

"நாலு."

"அனாதை விடுதியில அந்த வயசுப் பிள்ளைங்க சீக்கிரம் பழகிடும்மா."

அக்மரல் தயங்கினாள்.* பிறகு ரிம்மாவின் பெயரைச் சொன்னாள்.

*இதை அவளிடம் படித்துக் காட்டினேன். "தயங்கலியே. தேநீர் ஆறக்கூட இல்ல" என்றாள்.

3

ரிம்மாவை மனநோய் மருத்துவமனையில் மூன்று வருடம் அடைத்து ஊசி போட்டார்கள். வெளியே வந்தபோது நாக்குத் தடித்திருந்தது, பாட வரவில்லை. அக்மரல் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது ரிம்மா குழறினாள்.

"யாரு காட்டிக் குடுத்தது? வல்தமாரா?"

நால்வரில் வல்தமார் மிருதங்கம் வாசிப்பவர்.

"ஆமா" என்றாள் அக்மரல். "வாயத் தொற."

அதற்குள் முப்பது பேர் சேர்ந்திருந்தார்கள். சேதி பரவியது. வல்தமார் பஜனைக்கு வந்தால் முப்பது பேரும் பாட்டை நிறுத்திவிடுவார்கள். ஏனென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க வந்து பார்த்துவிட்டு, தூரத்துக் கரகண்டா நகருக்குப் போய்விட்டார். ரிம்மா ஒன்பது வருடம் அக்மரல் கையால் உண்டு, அவள் மடியிலேயே செத்தாள். அந்தச் சேவையைப் பார்த்தே பலர் எங்களோடு சேர்ந்தார்கள். நானும்தான்.

4

தமீர் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"எழுபத்தஞ்சு வயசு மாதாஜி. ஊரே அவங்க கால்ல விழுது. இத எப்படிப் போடுறது?"

"அவங்கதான் போடச் சொல்றாங்க."

"சரி, ஒண்ணு பண்ணுங்க. வல்தமார் பேர எடுத்துடுங்க. மத்தது தானா சரியாயிடும்."

5

முடிவு ஒன்று: வல்தமார் இறந்துவிட்டார். (பொய். இருக்கிறார்.)

முடிவு இரண்டு: அக்மரலுக்குத் துணிவு வரவில்லை, கடைசிவரை அவள்...

(இதுவும் பொய். நேற்றுக் காலை அவளுடைய சமையலறையில் நான்தான் போனில் அவர் நம்பரை அழுத்திக் கொடுத்தேன்.)

"யாரு?" என்றது ஒரு கிழக்குரல்.

"நான் அக்மரல். ரிம்மாவக் காட்டிக் குடுத்தது நாந்தான். உங்க மேல பழி போட்டதும் நாந்தான்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம். அக்மரல் என்னைப் பார்த்து வாசலைக் காட்டினாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அவர் என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மன்னித்தார் என்று மட்டும் முடிக்காதீர்கள். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். அந்த வாக்கியம் அவர் வாயில் நிற்கவில்லை.