சங்கின் வாயில் உட்கார்ந்த சத்தம்

மேட்டுப்பதியில் சத்தங்கள் காற்றில் கரைவதில்லை. போட்ட இடத்திலேயே கிடக்கும். பேச்சும் இருமலும் கைதட்டலும் பொடிப்பொடியாக உதிரும். காலையில் வாசல் கூட்டுகிறவர்கள் அவற்றையும் சேர்த்துக் கூட்டிவிடுவார்கள். கூட்டம், ஊர்வலம் என்றால் நகராட்சி வண்டி வரும். ஒரு சத்தத்தைப் போட்டவர்கள் அதில் ஒரே மனதாக இருக்கும்வரை அது நிமிர்ந்து நிற்கும். மனம் பிரிந்தால் விழும். இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய குழந்தை அந்த ஊரில் இல்லை.

நாளெல்லாம் நிற்கிற சத்தம் ஒன்றுதான் இருந்தது. பஞ்சாலைச் சங்கு. காலையில் ஊதியதும் சாம்பல் நிறத்தில் புகைபோக்கியைவிட உயரமாக எழும்பி, சாயங்காலம்வரை ஆடாமல் அசையாமல் நிற்கும். அதன் கீழே நடந்துதான் தொழிலாளர்கள் உள்ளே போவார்கள். சங்கு எழும்பாமல் ஷிப்டு தொடங்காது. அது முதலாளியின் சத்தம். முதலாளி ஒரே ஆள். தன் கருத்தோடு தானே முரண்பட்டு அவரை யாரும் பார்த்ததில்லை.

தோழர் மாசிலாமணி அந்த ஆலை வாசலில் தலை நரைக்கும்வரை கோஷம் போட்டவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தார். அவற்றில் பாதியை எழுதியவர் அவரே என்பதால் பாடத்தில் அவருக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது. அவருடைய கோஷங்கள் சிவப்பாக, நெஞ்சு உயரத்துக்கு எழும்பும். கூட்டம் கலைந்து டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து பேர் ஐந்து கருத்துக்குப் போயிருப்பார்கள். கோஷம் விழுந்துவிடும். துப்புரவு வேலை பார்க்கும் ரங்கம்மா விளக்குமாற்றோடு தயாராக நிற்பாள்.

“இன்னைக்கு ஒரு வண்டிதானுங் தோழர். போன வாட்டி ரெண்டு தேறுச்சு. தொண்டை கட்டிக்கிச்சா?”

“உனக்கு வேலை கம்மின்னு சந்தோசப்படு.”

“வேலை கொறஞ்சா ஆளக் கொறைப்பாங்க. நல்லாச் சத்தம் போடுங்க.”

கூட்டிய கோஷங்களை ஊருக்குத் தெற்கே ஒரு பள்ளத்தில் கொட்டினார்கள். பள்ளம் நிரம்பியதும் அதன்மேல் பேருந்து நிலையம் கட்டினார்கள். மாசிலாமணி அங்கே பேருந்து ஏறும்போதெல்லாம் தரையைப் பார்க்காமல்தான் ஏறுவார். தன் வாழ்நாளில் ஒரே ஒரு சத்தமாவது நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேட்பது முதலாளிகளிடம் மட்டும்தான், ஆசைப்படுவது பலவீனம் என்று அவரே ஒரு துண்டறிக்கையில் எழுதியிருந்தார்.

இப்படி இருக்கையில் ஆலை நிர்வாகம் நான்கு இளைஞர்களை வேலையைவிட்டு நீக்கியது. காரணம், தலைமுடி. இயந்திரத்தில் சிக்கும் என்றது நிர்வாகம். நால்வரும் சங்க அலுவலகத்துக்கு வந்தார்கள். தறியில் பாவு நூல் விறைக்கப் போடும் கஞ்சியைப் போட்டு முடியை நிமிர்த்தியிருந்ததால் வாசல் நிலையில் குனிந்து நுழைந்தார்கள். கண்ணில் மை. குடைத்துணியில் தைத்து ஜிகினா ஒட்டிய, காலோடு பிடித்த கால்சட்டை. குதிகால் உயர்ந்த செருப்பு. பாடுகிறவன் பன்னீர். கிடார் வாசிப்பவன் எட்வின். அவன் மாமா கப்பலிலிருந்து கொண்டுவந்த காசெட்டுகளில்தான் நால்வரும் இந்தச் சங்கீதத்தைப் பிடித்தார்கள். கிளாம் மெட்டல் என்று அதற்குப் பெயர். டிரம்ஸ் அடிப்பவன் காஜா. பாஸ் கிடார், செல்லமுத்து. இசைக்குழுவுக்கு ‘பிடரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“முடிக்காடா வேலையப் பறிகொடுத்தீங்க? வெட்டிக்கிட்டு உள்ள போங்களேன்” என்றார் மாசிலாமணி.

“வெட்டலாமுங்க” என்றான் பன்னீர். “அப்பறம் பாட்டு எங்கிருந்து வரும்?”

அது நியாயமாகத்தான் பட்டது. அவர் வழக்கை எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“உதட்டுல என்னடா அது?”

“செவப்புங் தோழர். நம்ம கொடிக் கலரு.”

“நம்ம கொடி உதட்டுல பறக்கறதில்லடா.”

காலை ஷிப்டுக்கு முன்னால் வாசல் கூட்டம் கூட்டினார்கள். மாசிலாமணி பேசினார். உரிமை என்றார், மானம் என்றார், மயிரும் மானமும் வேறல்ல என்றார். கோஷம் எழும்பியது, நெஞ்சு உயரத்துக்கு வந்தது, சாய்ந்தது. பிறகு பன்னீர், “நாங்க ஒரு பாட்டு வாசிக்கட்டுங்களா?” என்றான். கல்யாண மைக்செட்டில் கம்பிகளை மாட்டினார்கள்.

காஜா அடித்த முதல் அடியிலேயே வாசலில் கிடந்த பழைய கோஷப் பொடியெல்லாம் ஒரு முழம் எழும்பி அந்தரத்தில் நின்றது. எட்வின் ஒரு கம்பியை அழுத்தி மேலே தள்ளினான். கம்பி அழுதது, அழுகை சிரிப்பாயிற்று, சிரிப்பு பளபளப்பாயிற்று. பன்னீர் தலையைப் பின்னால் எறிந்து வாயைத் திறந்தான். அவன் கத்தலும் அந்தக் கம்பியின் கத்தலும் வழியில் சந்தித்து, ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு ஒரே சத்தமாக ஏறின. வெள்ளி நிறம். பனைமரத் தடிமன். ஏற ஏற அதன் பக்கங்களில் ஜிகினா பூத்தது. கூரைகளைத் தாண்டியது, புகைபோக்கியைத் தாண்டியது. அங்கே சங்கு ஊதுவதற்காக அப்போதுதான் வாயைத் திறந்திருந்தது. சத்தம் வளைந்து போய், அந்த வாயின்மேல் உட்கார்ந்தது.

சங்கு எழும்பவில்லை. ஷிப்டு தொடங்கவில்லை.

ஆயிரம் பேர் அண்ணாந்து நின்றார்கள். யாரும் பேசாததால் தரையில் ஒரு பொடிகூட விழவில்லை. அந்தச் சத்தத்தில் ஒரு சொல் இல்லை, ஒரு கோரிக்கை இல்லை. மாசிலாமணி வாசல் தூணோரம் நின்று அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக, பசுவின் கழுத்தைப்போல் துடித்துக்கொண்டிருந்தது. அவர் எந்த மனிதரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர்.

“அடேயப்பா” என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

உடனே சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கேட்டிருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கோரிக்கை எழுதப் போனார். நால்வரையும் முடியோடு வேலைக்கு எடுக்க வேண்டும் என்பது முதல் வரி. அதற்குக் கீழே பேருந்து நிலையத்துக்கு அடியில் கிடந்த பழைய கோஷங்கள் அத்தனையையும் ஞாபகத்திலிருந்து எழுதினார்: பெண்களுக்குக் கழிப்பறை, பஞ்சுத் தூசிக்கு முகமூடி, நூல் பிரிவில் உட்கார பெஞ்சு.

அதன் பிறகு சங்கு எழும்பாமல் ஆலை நின்றே கிடந்தது; பிடரிக்கு ஏறுமுகம்தான். முடிதிருத்துகிறவர்கள் கடையைச் சாத்திவிட்டுக் கஞ்சி காய்ச்சி விற்றார்கள். குடைக்குத் துணி கிடைக்கவில்லை; மழை வந்தால் ஊரே நனைந்தது, யாருடைய முடியும் படியவில்லை. மைதானத்தில் பிடரி வாசிக்க வாசிக்கப் புதுச் சத்தங்கள் பழையதன் பக்கத்தில் போய் நின்றன. காக்கைகள் நடந்து போகப் பழகிக்கொண்டன. வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து, முதல் சத்தத்தை மூன்று முறை சுற்றிவிட்டுப் போனார்கள். மாசிலாமணி தினமும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பார்க்கும்போது நெஞ்சு விரியும். போட்டது தானில்லை என்று நினைத்ததும் சுருங்கும். இரண்டும் சேர்ந்து மூச்சு விடுவதற்கே போதுமானதாக இருந்தது.

முதலாளி சத்தத்தை இறக்க ஆள் அனுப்பவில்லை. ஒரு மாலையை அனுப்பினார். சம்பங்கி மாலை, ஆளுயரம். வாட்ச்மேன் கருப்புசாமி கொண்டுவந்தார்.

“முதலாளி குடுத்துவிட்டாருங்க. அந்தச் சத்தத்தப் போட்டவருக்காமா.”

“பேரு சொன்னாரா?”

“இல்லீங்க. போட்டவருக்குன்னு மட்டும் சொன்னாரு.”

நான்கு பேரும் அந்த ஒரு மாலையைப் பார்த்தார்கள். மேலே சத்தம் ஒரு விரல்கடை சாய்ந்தது.

மாசிலாமணிக்கு அந்த மாலையைத் தெரியும். முன்பு ஒரு காலத்தில் அது நாற்காலியாக வந்தது. பேச்சுவார்த்தைக்குச் சங்கத் தலைவர் வரலாம் என்று சொல்லி முதலாளி ஒரே ஒரு நாற்காலி போட்டார். அதுவரை அந்த ஊரில் சங்கம் ஒன்று. நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் மூன்று. மாசிலாமணி அன்று உட்கார்ந்தார். உட்கார்ந்தது சரிதான் என்று இன்றும் சொல்வார்.

அவர் எட்டி மாலையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“சத்தத்தப் போட்டவன் நான்” என்றார்.

அந்த வாக்கியம் முடிவதற்குள்ளேயே அவர் காலடியில் உதிர்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

“யோவ் பெருசு!” என்றான் எட்வின்.

“வெக்கமா இல்ல?” என்றான் காஜா.

“கழட்டுய்யா மாலைய” என்றார்கள் நால்வரும் ஒரே குரலில். மேலே சத்தம் நிமிர்ந்தது. அதுவரை பனைமரமாக இருந்தது ஆலமரமாகப் பருத்தது.

மாசிலாமணி அதைப் பார்த்தார். அன்றிலிருந்து மாலையைக் கழற்றவில்லை. டீக்கடையில், சந்தையில், பேருந்து நிலையத்தில் நின்று, போட்டவன் நான்தான் என்று சொன்னார். சொல்லச் சொல்லக் காலடியில் உதிர்ந்தது. மாலை வாடியது, அவர் விடவில்லை. ஊர் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பியது. திருடன் என்று சுவரில் எழுதினார்கள். எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு வந்தார். பெருமைக்காகவே வாழ்ந்த மனிதர், அதனால் அது சுலபமாக இல்லை.

“ஏனுங் தோழர் இந்தப் பொய்யி?” என்றாள் ரங்கம்மா. “உங்க சத்தம் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? அத்தனையும் கூட்டுனவ நானு.”

“நீயும் திட்டிக்கிட்டே இரு ரங்கம்மா. ஒசரம் ஏறுது பாரு.”

கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். திங்கட்கிழமை காலையில் வாசலுக்கே வந்து கோரிக்கைத் தாளில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி அனுப்பினார். அதுவரை நால்வரும் ஒன்றாக இருந்தால் போதும்.

திங்கட்கிழமை விடிந்தது. வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. மாசிலாமணி முன்னாலேயே வந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மாலையில் பூ எல்லாம் போய் நார்தான் மிச்சம். பன்னீர் அவரைப் பார்த்தான். அவர் காலைச் சுற்றிக் குவிந்து கிடந்த சொற்களைப் பார்த்தான்.

“பாவம்டா பெருசு. வெச்சிட்டுப் போகட்டும் உடு” என்றான்.

“என்ன பாவம்?” என்றான் எட்வின்.

“ஒரு மாலைதானே. சத்தம் எங்கிருந்து வந்துச்சுன்னு என் தொண்டைக்குத் தெரியும்.”

“உன் தொண்டையா?”

மாசிலாமணி பதறி எழுந்தார். “டேய், போட்டது நான்டா! என்னையத் திட்டுங்கடா!” என்றார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

“தொண்டையில கம்பி கட்டியிருக்குதா உனக்கு?” என்றான் எட்வின். காஜா, அடி இல்லாமல் எந்தக் கம்பியும் ஏறாது என்றான். செல்லமுத்து குதிகால் செருப்பைக் கழற்றினான். சட்டென்று அவன் குள்ளமானான். பிடரி அங்கேயே கலைந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை எட்வின் எடுத்துக்கொண்டான். கண்மை டப்பா காஜாவுக்கு. உதட்டுச்சாயம் பன்னீருக்கு. கஞ்சிச் சட்டியைச் செல்லமுத்து தலையில் வைத்துக்கொண்டான்.

சத்தம் விழுந்தது. மெதுவாகத்தான் விழுந்தது, கொண்டையை அவிழ்த்துவிட்டால் முடி இறங்குவதுபோல. வெள்ளி இழை இழையாகக் கூரைகளில், மரங்களில், அண்ணாந்து நின்றவர்களின் முகங்களில் படிந்தது. ஊரே கணுக்கால் ஆழம் மினுங்கியது. அதைவிட அழகாக எதுவும் அந்த ஊரில் தோற்றதில்லை. மாசிலாமணி அழவில்லை, கண்ணில் ஜிகினா விழுந்திருந்தது.

முதலாளி பேனாவைத் திறந்தபடி வந்தவர், மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“கேட்டைச் சாத்து” என்றார். “இனி எவனும் உள்ள வர வேண்டாம்.”

கருப்புசாமி இரும்பு கேட்டைத் தள்ளினார். அது தண்டவாளத்தில் உருண்டு வந்து, தூணுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. மறுபடி தள்ளினார். நின்றது. ரங்கம்மா வந்து அந்த இடத்திலிருந்த ஜிகினாவைக் கூட்டினாள். இத்தனை நாள் பெரிய சத்தத்தின் அடியில் மறைந்திருந்த ஏதோ ஒன்று உள்ளே இருந்தது. இடுப்பு உயரம். சிவப்புமில்லை, வெள்ளியுமில்லை, புது மண்சட்டியின் நிறம். விளக்குமாற்றால் தட்டினாள், காலால் நெம்பினாள்.

“இது யாருதுங்க? விழ மாட்டேங்குது.”

மாசிலாமணி கிட்டே போய்ப் பார்த்தார். தொட்டார். அவர் அடிக்கடி நிற்கிற தூணோரம்தான்.

“என்னுது” என்றார்.

“கோசமுங்களா?”

“இல்ல. அடேயப்பான்னேன்.”

முதலாளி தானே வந்து தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. வாசல் சாத்தாத ஆலை திறந்த ஆலைதான் என்று ஒரு துண்டறிக்கை சொல்கிறது. எழுதியவர் மாசிலாமணி என்றாலும் முதலாளியும் அதைப் படித்திருந்தார். பிறகு பேனாவை எடுத்தார். காகிதத்தை வைக்க வேறு இடம் இல்லாததால் அந்த அடேயப்பாவின் மேலேயே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எழுத வாட்டமான உயரமாக இருந்தது.

நால்வரும் நிமிர்ந்த முடியோடு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், நான்கு வரிசைகளில் போய் நின்றார்கள். கருப்புசாமி தொப்பியைக் கழற்றி அந்த அடேயப்பாவின்மேல் மாட்டிவிட்டுச் சங்கை ஊதப் போனார்.

சங்கு ஊதியது. முதலாளி அண்ணாந்து பார்த்தார். சாம்பல் நிறமாகக் கிளம்பி, நெஞ்சு உயரத்துக்கு வந்தது. சாய்ந்தது. விழுந்தது.

தொழிலாளர்கள் அதைத் தாண்டிக் காலெடுத்து வைத்து உள்ளே போனார்கள். ரங்கம்மா வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“கொஞ்சம் ஒதுங்குங்க தோழர்” என்றாள். கூட்டி அள்ளியவள், கூடையைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். “இத்தன வருசம் நின்னுச்சுன்னு பேரு. ஒரு கூடைகூடத் தேறலைங்க.”