நடிப்பு என்று ஒரு வார்த்தை

மாடிப்படி ஏறி வருவது மாலதி என்று தெரிந்ததும் பரிதிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் அவனும் ராம்கியும் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. ராம்கியின் வீட்டிலிருந்து இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அவனுடைய அக்கா மாலதி மட்டும் போனில் பேசுவாள். தீபாவளிக்குத் தம்பிக்குச் சட்டை எடுக்கும்போது பரிதிக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தனுப்புவாள்.

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. ராம்கி குளித்துக்கொண்டிருந்தான். அவன் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல ஆரம்பித்தாள்.

"பரிதி, உங்கிட்டதான் கேக்க வந்தேன். அவன் சரின்னுட்டான். உங்கிட்ட சொல்ல வாய் வரலையாம்."

விஷயம் இதுதான். அன்று மாலை அவளுக்கு நிச்சயம் பேச நன்னிலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையன் பெயர் குணசேகரன், சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்திருக்கிறான். இதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் தம்பியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டன. இவர்கள் நிறுத்தவில்லை, ஒரு நிபந்தனை போட்டார்கள். அந்த வீடியோக்கள் வரும் யூடியூப் சேனலிலேயே ராம்கி இன்னொரு வீடியோ போட வேண்டும். நானும் பரிதியும் சும்மா நண்பர்கள், இத்தனை நாள் காட்டியதெல்லாம் நடிப்பு என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். நாலு மணிக்குள் அது வெளியாகியிருந்தால் வண்டி கிளம்பும்.

மாலதிக்கு முப்பத்திரண்டு வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறாள். பெண் பிள்ளைகள் அவளுக்குப் பயப்படுவார்கள் என்று ராம்கி சொல்லிச் சிரிப்பான். அவள் இப்படிக் கைகளைக் கோத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பரிதிக்குச் சங்கடமாக இருந்தது. குரலில் அதிகாரம் இல்லை. அதுதான் அவனைக் கட்டிப்போட்டது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பான்.

'வாய்க்கா ஓரம்' என்ற அந்தச் சேனலில் பேசுவது ராம்கி. படம் எடுப்பது, வெட்டி ஒட்டுவது, மேலேற்றுவது எல்லாம் பரிதி. மேட்டூர் அணையில் திறந்த தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு என்றைக்கு வருகிறது, நாற்றங்காலில் என்ன பூச்சி, கோடையில் வற்றிய குட்டையில் விரால் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வெண்ணாற்றுக் கரையில் கேமராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டுப் பரிதி முதல்முறையாக முன்னால் வந்து உட்கார்ந்தான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறோம், சேர்ந்துதான் வாழ்கிறோம் என்று பத்து நிமிஷம் பேசினார்கள். அன்று ராத்திரியிலிருந்து வீடியோவுக்குக் கீழே வந்து விழுந்த வார்த்தைகளைப் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. ராம்கியின் அப்பா துரைராசு, இனி வாசற்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். பரிதியின் அப்பா நல்லக்கண்ணு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு மூட்டை அரிசியோடு மாடிப்படி ஏறி வந்து, விறகு அடுப்பா கேஸ் அடுப்பா என்று மட்டும் கேட்டார்.

பரிதியின் அம்மா அம்சம்தான் எல்லோரையும் மிஞ்சியது. நண்டுக் குழம்பு வைக்கும் வீடியோவில் ராம்கி விளையாட்டாக, ஊரில் எல்லோரும் உங்களை என்ன கேட்கிறார்கள் என்றான். அம்சம் அம்மியிலிருந்து கையை எடுக்காமல், "ஒண்ணுதான் பெத்தேன். இப்ப ரெண்டா இருக்கு. இதுல அழுவுறதுக்கு என்னா இருக்கு?" என்றாள். அதைப் பார்க்காத ஆள் இந்தப் பக்கத்தில் குறைவு. திருவாரூர் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண் எழுந்து அம்சத்துக்கு இடம் கொடுத்தாள்.

ராம்கி துண்டோடு வெளியே வந்தான். அக்காவைப் பார்த்தான், பிறகு பரிதியைப் பார்த்தான். விஷயம் சொல்லப்பட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு தலையைக் குனிந்தான்.

"எப்ப சரின்னு சொன்ன?" என்றான் பரிதி.

"நேத்து."

நேற்று மத்தியானம் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பரிதி போய்க் கேமராப் பையை எடுத்தான்.

வெள்ளைச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டான். ஜன்னல் திரையைப் பாதி இழுத்தான். மின்விசிறியை நிறுத்தினான். ராம்கியின் சட்டைக் காலரில் மைக்கைக் குத்தினான். எப்போதும் மைக் குத்தும்போது ராம்கி ஏதாவது கிண்டல் சொல்வான். இன்று கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

என்ன பேச வேண்டும் என்று மாலதியின் மாமா சாரங்கபாணி போனில் குரல் பதிவாக அனுப்பியிருந்தார். மாலதி அதை ஓடவிட்டாள். வணக்கம் சொல்லணும். நிறைய பேர் பார்க்கணும்னுதான் அப்படிப் பண்ணோம்னு சொல்லணும். மன்னிப்புக் கேட்கணும். கடைசியாக ஒன்று இருந்தது, அதை மாலதியும் அப்போதுதான் முழுதாகக் கேட்டாள் போலிருக்கிறது. அந்தப் பையனோட அம்மா பேசினதும் காசு குடுத்துப் பேச வெச்சதுதான்னு கண்டிப்பா சொல்லணும், இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

பரிதி கேமராவை ஓடவிட்டான்.

ராம்கி வணக்கம் என்றான். கேமராவைப் பார்க்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னான் பரிதி. இரண்டாவது தடவை சரியாக வந்தது. நானும் பரிதியும் நண்பர்கள் மட்டும்தான், நாங்கள் காட்டியது நடிப்பு என்று அவன் சொன்னபோது பரிதி சின்னத் திரையில் அவன் முகம் தெளிவாக விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். கை நடுங்கவில்லை. தனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த முகத்தைத் திரையில் பார்த்துப் பழகியவன், இதுவும் ஒரு படப்பிடிப்பு என்று மனதை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டான்.

"அப்புறம், அந்த நண்டுக் குழம்பு வீடியோவுல அவங்க அம்மா பேசினது..." என்று ராம்கி ஆரம்பித்தான்.

பரிதி கேமராவை அணைத்தான்.

"இது வேணாம்."

ராம்கி வாயைத் திறந்தபடி இருந்தான். பரிதி மாலதியின் பக்கம் திரும்பினான். சத்தம் போடவில்லை.

"அக்கா, எங்க அம்மா உங்க வயல்ல இருவது வருசம் நடவு நட்டிருக்கு. அதுக்கு உங்க அப்பா கூலி குடுத்தாரு. அது சரி. ஆனா இதுக்கும் கூலி வாங்குச்சுன்னு சொல்லாதீங்க. என்னைய என்னா வேணா சொல்லிக்குங்க."

மாலதியின் முகம் வெளுத்தது. அந்த வரி வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று அவசரமாகச் சொன்னாள். மாமாவுக்குத் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள்.

அந்த வரி இல்லாமல் எடுத்தார்கள். தடங்கலே இல்லை. இரண்டு நிமிஷத்துக்குள் ராம்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மன்னிப்பும் கேட்டான். முடிந்ததும் மைக்கைப் பிடுங்கி நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவனுடைய போன் மேஜையிலேயே கிடந்தது.

மழை மூட்டமாக இருந்தது. ஐப்பசி பிறந்து ஆறுகள் கரை தொட்டு ஓடும் நேரம்.  கீழே ஓடப் போன பரிதியை மாலதியின் முகம் நிறுத்தியது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வேலையை முடித்துவிட்டே போகலாம் என்று மடிக்கணினி முன் உட்கார்ந்தான். முன்னும் பின்னும் வெட்டினான். மேலேற்றினான். முழுதாக ஏறி முடிந்து, வெளியிடும் பொத்தான் மட்டும் பாக்கி இருந்தது. அதன்மேல் விரல் போகவில்லை.

கணினியை மாலதியின் பக்கம் திருப்பி வைத்தான்.

"எல்லாம் தயாரா இருக்குங்க அக்கா. அத மட்டும் நீங்க அழுத்திடுங்க. என்னால முடியல."

மாலதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உடனே அழுத்தவில்லை. முதலில் ஒருமுறை பார்க்கிறேன் என்றாள். பார்த்தாள். தம்பி நடிப்பு என்று சொல்லும் இடத்தில் அவள் கண் சுவருக்குப் போய்விட்டுத் திரும்பியது. முடிந்ததும் மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டாள். பரிதி ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பைக் வரவில்லை.

"போட்டா மொதல்ல யாரு பாப்பாங்க?" என்றாள் மாலதி.

"எங்க அப்பா. போன்ல மணி அடிச்சா ஒடனே தொறந்துடுவாரு. வயல்ல இருந்தாலும் பாப்பாரு."

அவள் மடிக்கணினியைத் தள்ளி வைத்தாள். பிறகு தன் போனை எடுத்துக் குணசேகரனைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தாள். பரிதி வெளியே போகப் பார்த்தான், இரு என்று கை காட்டினாள்.

குணசேகரனின் குரல் மரியாதையாக இருந்தது. கிளம்பிக்கொண்டிருக்கிறோம், அம்மா வீடியோவுக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்றான்.

"இத கேட்டது நீங்களா, உங்க அம்மாவா?"

"அம்மாதாங்க. எனக்கு ஒண்ணுமில்ல. சிங்கப்பூர்ல ரூம்ல நாங்க எல்லாருமே அந்தச் சேனல் பாப்போம். நல்லாத்தான் பண்றாங்க."

"இத உங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"அவங்ககிட்ட எப்படிங்க சொல்றது? இப்போதைக்குப் போட்டுடச் சொல்லுங்க. கல்யாணம் முடிஞ்சதும் எடுத்துடலாம். யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க."

மாலதி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்கும் குரல் அப்போதுதான் வந்தது.

"எனக்கு இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் போச்சு. அவங்க புடிக்கலன்னு போனாங்க. உங்களுக்குப் புடிச்சிருக்கு, ஆனா சொல்ல மாட்டீங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னாலும் இப்படித்தான் இருப்பீங்க, இல்லையா?"

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அம்மாவிடம் பேசிவிட்டு வாருங்கள், வராவிட்டாலும் சரி என்று சொல்லி அவள் இணைப்பைத் துண்டித்தாள். பிறகு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதாள். பரிதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் குடிக்கவில்லை. எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அழிச்சிடு," என்றாள். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போயி அவனப் பாரு."

பரிதி அவள் கண் முன்னாலேயே அழித்தான். வீட்டுக்காரரின் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓட்டினான். டீக்கடையில் இல்லை. ரயிலடியில் இல்லை. நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயில் ஒன்று கேட்டில் நின்று அவனை மறித்தது. அது நகர்வதற்குள் அவன் நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்துவிட்டான். வெண்ணாற்றுப் பாலத்துக்குப் போனபோது ராம்கியின் பைக் கைப்பிடிச் சுவரோரம் நின்றது. ஆள் இல்லை. கீழே செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், தண்ணீர்ச் சத்தத்தில் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. கரையில் இறங்கி ஓடினான்.

படித்துறையின் மேல்படியில் ராம்கி உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வாந்தி. முகம் கழுவித் தலை நனைந்திருந்தது.

"போட்டுட்டியா?"

"இல்ல. அக்கா வேணாம்னுட்டாங்க."

ராம்கிக்கு அது உறைக்கச் சிறிது நேரமானது. பிறகு கோபம்தான் வந்தது. "நீ ஏன்டா எடுத்த? முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நீ சொல்லுவன்னுதான் நான் ஒக்காந்தேன்."

"நீ ஏன் சரின்னு சொன்ன?" என்றான் பரிதி. "எங்கிட்ட கேக்காம."

  பரிதி கொஞ்சம் தள்ளி அதே படியில் உட்கார்ந்தான். கை அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை. ராம்கி அதைப் பார்த்துவிட்டு நகர்ந்து வந்தான். அந்தக் கையைப் பிடித்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். பாலத்தின்மேல் போன பஸ்ஸிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

நன்னிலத்திலிருந்து அன்று வண்டி வரவில்லை. துரைராசு மகளை அடிக்கக் கை ஓங்கியதாகவும், மாலதி நகராமல் நின்றதாகவும், கை தானாக இறங்கிவிட்டதாகவும் அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் மூலம் தெரிந்தது. சாரங்கபாணி மாமா, பெண்ணுக்கு இனி யார் வருகிறார்கள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். ராம்கி போன் பண்ணினால் மாலதி எடுக்கவில்லை. குணசேகரன் லீவு முடிந்து சிங்கப்பூர் போய்விட்டான். பரிதி மட்டும் அம்மாவைப் பார்க்கப் போனபோது எல்லாவற்றையும் சொன்னான். அம்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பொண்ணுக்கு ஒரு நல்லது நடக்கணும் என்று மட்டும் சொன்னாள்.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்து, வயலெல்லாம் ஏரியாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலதி குடையோடு படியேறி வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள். ராம்கி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, மன்னித்துவிடு என்றான்.

"உம்மேல கோவம் இன்னும் போவல," என்றாள் மாலதி. "போறப்ப போவட்டும்."

குணசேகரன் போன வாரம் கூப்பிட்டானாம். தனக்கு அந்தச் சேனலில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். அந்த அம்மாள் சாப்பிடாமல் கிடந்து, பிறகு சாப்பிட்டு, இன்னும் அவனோடு பேசவில்லையாம். நான் அவனுக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்றாள். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் அன்றைக்கு இருந்த இறுக்கமும் இல்லை.

ராம்கி கொஞ்சம் தயங்கிவிட்டு, நடந்ததையெல்லாம் பேர் சொல்லாமல் ஒரு வீடியோவாகப் போடலாமா, நம்மைப் போன்றவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பத்துப் பேருக்குத் தெரியுமே என்று கேட்டான். பரிதி அவனைத் தடுக்க வாயெடுத்தான். அதற்குள் மாலதியே சொல்லிவிட்டாள்.

"உன் கதைய நீ சொல்லு. என் கதைய விட்டுடு. ஊரு முழுக்கப் பாத்து எனக்குப் பாவம்னு சொல்ல வேணாம்."

ராம்கி சரி என்றான். பரிதி எழுந்துபோய் அரிசி களைந்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளிருந்தே சொன்னான். குழம்பு என்ன என்று மாலதி கேட்டாள்.