வாக்குப்பெட்டி மூடிய பிறகு

வாக்குப்பெட்டிகளுக்கு முத்திரை வைத்த திங்கட்கிழமை மதியம்தான் எவாசியோ பெர்ரூத்தி, டெல்ஃபினாவின் வீட்டைத் தேடி மலையேறினான். தேர்தலுக்கு முன்னால் போய் நன்றி சொன்னால் அது ஓட்டுக் கேட்டதாகிவிடும். ஆனால் இது பாதி உண்மைதான் என்று அவனுக்கே தெரியும். போர் முடிந்து எட்டு வருஷம் அவன் வராமலிருந்தது பயத்தால்.

ராணுவத்தை விட்டு, பாசிஸ்டுகளை எதிர்த்து மலைக்கு வந்த குளிர்காலத்தில், கஷ்கொட்டை உலர்த்தும் குடிசையில், புகைக்குள் அவனை ஒளித்து வைத்திருந்தவள் அவள். அவன் தப்பிய மறுநாள் அவர்கள் அவள் வீட்டைக் கொளுத்தினார்கள். இப்போது அவன் ரோமில் நாடாளுமன்ற உறுப்பினர். எந்த முகத்தோடு நன்றி சொல்வது? அவள் ஏற்றுக்கொள்ளாவிட்டால்?

கதவு திறந்தேயிருந்தது. அடுப்படியிலிருந்து அவள் அவனுடைய கோட்டைத்தான் முதலில் பார்த்தாள்.

“கட்சிக்காரரா? ஓட்டெல்லாம் முடிஞ்சுபோச்சுய்யா. நேத்தே வெறுஞ்சீட்டை மடிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்.”

“ஏம்மா?”

“வேற யாருக்குப் போட? எனக்குத் தெரிஞ்ச யோக்கியன் ஒருத்தன்தான். முள்ளெலி. அவன் பேரு எந்தச் சுவர்லயும் இல்ல.”

போராளிகள் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, பட்டப்பெயர் மட்டும்தான் என்பது காட்டின் விதி. போர் முடிந்த பிறகும் அந்த விதிக்குப் பின்னால் தான் ஒளிந்திருந்தது எவாசியோவுக்கு உறைத்தது. தொப்பியைக் கழற்றினான். நரைத்தும் படியாத முடி குத்திட்டு நின்றது.

“அடப்பாவி! ஊரெல்லாம் ஒட்டியிருந்த அந்த பெர்ரூத்தி நீதானாடா? முந்தாநாளே வந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?”

“ஓட்டுக்கு முன்னாடி சொல்லக் கூடாதுன்னுதான் இன்னிக்கு வந்தேன்.”

“நீயெல்லாம் ஒரு அரசியல்வாதி!”

அவன் சிரிக்கவில்லை. “என்னாலதானே வீடு…”

“நெருப்பு வச்சது நீயா? போடா.” அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அப்ப என் மகன் நந்தோ போருக்குப் போயி ரஷ்யப் பனியில காணாமப் போயிருந்தான். உனக்குக் கஞ்சி ஊத்துறப்பல்லாம், அங்க எவளோ ஒருத்தி அவனுக்கு ஊத்துறான்னு நெனச்சுக்குவேன். அதனாலதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கல. நீ சாப்பிட்டியே, அதுக்கு நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்.”

“நந்தோ?”

“வரல.”

அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பாலில் வெந்த கஷ்கொட்டைக் கஞ்சியை அவள் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். கீழே கட்சி வண்டி ஹாரன் அடித்தது.

“கூப்பிடுறாங்க போலிருக்கே?”

“கூப்பிடட்டும்மா.”

கிண்ணத்தைக் காலி செய்து, இன்னொரு கரண்டிக்காக அவள் பக்கம் நீட்டினான்.