சாவி வத்சலாவிடம்தான்

மயிலாப்பூரில் தன் அபார்ட்மெண்டின் கார் நிறுத்துமிடத்தில் பழைய புடவையை விரித்து உட்கார்ந்து, காரின் முன்சக்கரம் இரண்டுக்கும் புதுப் பிரேக் பேடைத் தன் கையாலேயே மாட்டி முடித்தாள் வத்சலா. வயது அறுபத்திரண்டு. சிரிக்காதீர்கள், கண்ணுகளா, இரண்டு நாள் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

பிரேக் தேய்ந்துவிட்டது, அம்மா இனி ஓட்டக்கூடாது என்று முடிவு கட்டிய மகன் கிரீஷ், அன்று காலையே காரை வாங்க ஓர் ஆளைக் கூட்டிவந்துவிட்டான்.

"சாவியக் குடும்மா. இனிமே ஆட்டோல போய்க்கோ."

"பிரேக் சரியா இருந்தா விக்கமாட்டேன்னு நீதானேடா சொன்னே? இப்போ பாரு."

ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். அது தரைவரை போய்விட்டது.

கிரீஷ் சிரித்தான். "ரொம்ப நன்னாப் பண்ணியிருக்கே. எறங்கு."

பேட் மாற்றினால், வண்டியை எடுக்குமுன் பெடலைப் பலமுறை மிதிக்க வேண்டும். அப்போதுதான் பிரேக் பிடிக்கும். மகனைப் பார்த்த வேகத்தில் அதை மறந்திருந்தாள். அவள் இறங்கவில்லை. மிதித்தாள், மறுபடியும் மிதித்தாள். ஆறாவது மிதியில் பெடல் கல் மாதிரி இறுகியது.

மெதுவாக வண்டியை எடுத்தாள். கேட்டுக்கு முன்னால் இருந்த சரிவில் பிரேக்கை அழுத்தினாள். கார் அசையாமல் நின்றது. கிரீஷின் சிரிப்பும் நின்றது.

வத்சலா கண்ணாடியை இறக்கினாள்.

"கார் வாங்க வந்தவருக்கு ஒரு காபி போட்டுக் குடுத்து அனுப்புடா. நான் அடையார் வரைக்கும் போயிட்டு வரேன்."