அண்ணன் துடைத்த மீன்கள்

காலையிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கப்பலில் ஒரு சின்ன அறை. கடலுக்கடியில் இறக்கிய மைக்கில் வருவதைக் கேட்பதுதான் என் வேலை. கசியும் வாயு குமிழியாகக் கடல்தரையைவிட்டுப் பிரியும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். குமிழி பெரிதானால் சத்தம் தடிக்கும். இன்று தடித்துக்கொண்டே போகிறது. அங்கேதான் இன்னும் சற்று நேரத்தில் என் கணவர் இறங்கி, பழைய குழாயை நெருப்பு வைத்து அறுக்கப் போகிறார். வாயுவில் பொறி பட்டால் வெடிக்கும்.

பக்கத்து அறையில், ஒலியை அனுப்பி எதிரொலியில் கடல்தரையைப் படம் பிடிப்பவன் என் சொந்த அண்ணன். அவன் படத்தில் ஒரு பொட்டு இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டு.

“குமிழியெல்லாம் எங்க?”

“அது மீன் கூட்டம்மா. கம்ப்யூட்டரே எடுத்துடுச்சு.”

“துடைக்காத படத்தக் காட்டு.”

முணுமுணுத்துக்கொண்டே காட்டினான். தரையிலிருந்து ஒரு கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. நேற்றைய படத்திலும் அதே இடம், அதே கோடு.

“மீன் என்ன, பஸ்ஸுக்கா நிக்குது?”

“கத்தாத. இன்னிக்கி அறுக்கலைன்னா வேலை இழுத்துக்கும். மேல இருக்கிறவங்க என் கழுத்தத்தான் பிடிப்பாங்க. மாப்பிள்ளை பாத்துப்பாரு.”

பார்த்துக்கொள்வாராம்! தெரிந்தே துடைத்திருக்கிறான், பாவி. என் கல்யாணத்தன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'தங்கச்சியப் பாத்துக்கங்க' என்று அழுதவன் இவன்தான்.

என் அறைக்குத் திரும்பி, மேல்தளத்தோடு பேசும் கருவியை எடுத்தேன். பின்னாலேயே வந்த அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். உதறிவிட்டு, மைக் சத்தத்தை அப்படியே ஒலிபெருக்கிக்குத் திருப்பினேன். கப்பல் முழுக்க உலை கொதிக்கிற சத்தம்.

மேல்தளத்தில் இறங்கத் தயாராக நின்ற என் கணவரின் குரல், முக்குளிப்புக் கவசத்துக்குள்ளிருந்து வந்தது. “என்ன சத்தம் இது?”

“நீங்க அறுக்கப்போற இடம். உங்க மச்சான் மீன்னு சொல்றாரு.”

“மச்சான், மீன்தானா? நீங்க சொன்னா இறங்குறேன்.”

அண்ணன் என் கையிலிருந்த கருவியை வாங்கினான்.

“வேணாம் மாப்பிள்ளை. இறங்காதீங்க.”

கவசத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

“அம்மாகிட்ட சொல்லிடாதம்மா.”

“நான் ஏன் சொல்லணும்? நீயே சொல்லு. மீன்னு சொல்லு, அம்மா நம்புவாங்க.”

ஒலிபெருக்கியை நான் அணைக்கவில்லை. அவன் கேட்கட்டும்.