சக்ரவர்த்தி சார் சொன்ன காரணங்கள்

சின்ன காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்த சக்ரவர்த்தியிடம் மனத்திறன் வகுப்பு வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், மற்றவர்கள் எல்லோரும் அதை வேண்டாம் என்று சொன்னதுதான். தலைமையாசிரியர் சபாபதி முதலில் கணக்கு வாத்தியாரைக் கேட்டார். அவருக்கு டியூஷன். தமிழ் வாத்தியாரைக் கேட்டார். அவருக்கு முதுகுவலி. சக்ரவர்த்திக்குச் சட்டென்று ஒரு சாக்கும் வாயில் வரவில்லை. சரித்திரம் என்றாலே காரண காரியம்தானே, உங்களுக்கு இது கைவந்த கலை என்று சபாபதி சொல்லி, ஒரு வழிகாட்டிப் புத்தகத்தையும் கையில் திணித்துவிட்டார். அடுத்த வாரத்துக்குள், தன் அறிவைப் பார்த்துத்தான் இந்தப் பொறுப்பைத் தந்திருக்கிறார்கள் என்று சக்ரவர்த்தியே நம்பத் தொடங்கிவிட்டார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறனறித் தேர்வு ஒன்று நடக்கும். தேறினால் மேல்படிப்புக்கு உதவித்தொகை உண்டு. பாதி மதிப்பெண் பாடங்களுக்கு, பாதி மனத்திறனுக்கு. நான்கு சொற்களில் ஒவ்வாதது எது, இதற்கு அது என்றால் எதற்கு எது, இன்னாருக்கு இன்னார் என்ன உறவு, இப்படியான கேள்விகள். அந்தப் பள்ளியிலிருந்து அதுவரை ஒருவரும் தேறியதில்லை. பத்துப் பதினைந்து பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். சக்ரவர்த்தியின் பெண் ஸ்நேஹாவும் அதில் ஒருத்தி. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் அனுவும் ஒருத்தி. அனுவின் அப்பா முருகேசன் தாமல் பக்கத்திலிருந்து வந்த விவசாயி. இப்போது லாரி, கட்சி, கவுன்சிலர் பதவி என்று வளர்ந்துவிட்டவர்.

சனிக்கிழமை காலை வகுப்பு. முதல் நாளே சக்ரவர்த்தி கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதினார்: மல்லிகை, முல்லை, ரோஜா, கத்தரிக்காய். எது ஒவ்வாதது? பிள்ளைகள் ஒரே குரலில் கத்தரிக்காய் என்றார்கள். சக்ரவர்த்தி மேஜைமேல் விரித்திருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். விடை, முல்லை என்று இருந்தது.

இன்னொருவராக இருந்தால் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். சக்ரவர்த்திக்கு வந்தது பெருமிதம். கத்தரிக்காயைப் பிரித்துச் சொல்லக் காய்கறிக்கடையே போதுமே, அதற்கா அரசாங்கம் தேர்வு வைக்கும் என்று எண்ணினார். ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு புன்னகையோடு திரும்பி, முல்லை என்பது பூ மட்டுமல்ல, காடும் காடு சார்ந்த நிலமும் முல்லைதான், மற்ற மூன்றுக்கும் நிலம் இல்லை என்று விளக்கினார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அன்று பிடித்தது அந்தப் போதை. அதற்கப்புறம் புத்தகம் எந்த விடையைச் சொன்னாலும் அவர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். விடை எவ்வளவு விநோதமோ, காரணம் அவ்வளவு அழகாக அமைந்தது. மருத்துவருக்கு நோயாளி என்றால் வக்கீலுக்கு யார் என்ற கேள்விக்குப் பிள்ளைகள் கட்சிக்காரர் என்றார்கள். புத்தகம் நீதிபதி என்றது. நோயாளி வராத நாளில் மருத்துவர் சும்மா உட்கார்ந்திருப்பார், நீதிபதி வராத நாளில் வக்கீல் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று சக்ரவர்த்தி தயங்காமல் சொன்னார். அனு அதை அப்படியே எழுதிக்கொண்டாள். வராண்டாவில் போன சபாபதி நின்று கேட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் சாப்பிடும்போதும் இதே பேச்சுத்தான். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி அம்ருதவல்லிக்குக் காலை முழுக்கக் கடிதம் பிரித்த களைப்பு. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்பாள். ஒருநாள் மட்டும், எல்லாக் கேள்விக்கும் முதலில் தோன்றுகிற பதில் தப்பாகவே இருக்குமா என்று கேட்டாள். மனத்திறன் என்பதே அதுதான் என்று சக்ரவர்த்தி அவளுக்கும் ஒரு வகுப்பு எடுத்தார்.

மாதம் ஒன்று இப்படி ஓடியது. பிறகு உறவுமுறைப் பக்கம் வந்தது.

கேள்வி எளிதானது. கண்ணனின் தாயுடன் பிறந்த அண்ணன் கண்ணனுக்கு என்ன முறை? பிள்ளைகள் இப்போது பழகியிருந்தார்கள். வாய்க்கு வந்த பதிலை யாரும் சொல்லவில்லை. மாமா என்று மட்டும் இருக்காது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். சக்ரவர்த்தி கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். சித்தி என்று இருந்தது.

அந்த இடத்திலாவது அவர் நிறுத்தியிருக்கலாம். பின்னாளில் நண்பர்களிடம் இதைச் சொல்லும்போது, அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் யாராவது பெருமாள் கோவில் குளத்தில் போட்டு அமுக்கிவிட்டால் தேவலை என்பார். ஏனென்றால் அவர் நிறுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சித்தின்னா என்ன? தாய்க்கு அடுத்த ஸ்தானம். தாய்மாமனும் தாய்க்கு அடுத்த ஸ்தானம்தான். ஆகவே..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அனு மெதுவாக எழுந்தாள்.

"சார், எங்க மாமாவுக்கு மீசை இருக்குது சார்."

முதலில் சிரித்தது ஸ்நேஹா. அதன் பிறகு பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பரவி, பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கும்படி ஆயிற்று. சக்ரவர்த்தி புத்தகத்தை மூடினார். தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அம்ருதவல்லி புத்தகத்தை வாங்கிக் கேள்வியையும் விடையையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"ஏன்னா, அச்சடிச்சவன் முதல் விடையையே முழுங்கிட்டான். மத்ததெல்லாம் ஒரு படி மேல ஏறி ஒக்காந்துண்டிருக்கு. அடுத்த கேள்வியோட பதிலைத்தான் நீங்க ஒரு மாசமா சொல்லிண்டிருக்கேள்."

கடைசிக் கேள்விக்கு நேரே விடையே இல்லாமல் காலியாக இருந்ததே என்று அவள் காட்டினாள். அது மாணவர் பயிற்சிக்காக விட்டது என்று நினைத்ததாக சக்ரவர்த்தி சொன்னார். அம்ருதவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று முழுக்க அவர் தப்பிக்க வழி தேடினார். மாற்றல் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. புத்தகக்காரன்மேல் பழியைப் போடலாம், அதில் பாதி நியாயமும் உண்டு. ஆனால் முல்லை நிலத்தைப் புத்தகக்காரன் சொல்லவில்லை. நீதிபதி வராத நாளையும் அவன் சொல்லவில்லை. இரண்டும் சொந்தச் சரக்கு.

திங்கட்கிழமை காலை முருகேசன் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வந்து இறங்கினார். பெண் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் என்பது தெரிந்தது. சண்டைக்குத்தான் வருகிறார் என்று சக்ரவர்த்தி எழுந்து நின்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் தானே சொன்னார். வகுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். முருகேசன் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"தப்பான பதிலுக்கே இவ்ளோ காரணம் சொல்லிக்கினு இருந்திருக்கீங்களே சார். நீங்க எங்க கட்சிக்கு வந்துடுங்க. மேடையில பதில் சொல்ல ஆளில்லாம நாங்க திண்டாடிக்கினு இருக்கறோம்."

முருகேசன் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். வேறு யாரும் இந்த வகுப்பை எடுக்க மாட்டார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார். பெண் படிக்க ஆசைப்படுகிறாள், தப்போ சரியோ நீங்களே நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை சக்ரவர்த்தி பிள்ளைகள் முன்னால் நின்று, இதுவரை சொன்னதையெல்லாம் அடித்துவிடச் சொன்னார். ஏன் என்றும் சொன்னார். அதைச் சொல்வது எளிதாக இல்லை. சரித்திரத்தில் பானிப்பட் யுத்தம் மூன்று முறை நடந்தது, எனக்கு மூன்றும் ஒரே மாதத்தில் நடந்துவிட்டது என்று ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை அன்று காலையே கத்தரித்து அம்ருதவல்லியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இனிமேல் அவரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து விடை எழுதுவார், மாலையில் அம்ருதவல்லி எல்லாத் தாள்களையும் திருத்துவாள் என்று ஏற்பாடு.

முதல் வாரம் அனு முதலாவதாக வந்தாள். சக்ரவர்த்தி நான்காவது. ஒரு கேள்வியைப் பார்த்ததும் அவருக்கு ஐந்தாறு காரணங்கள் தோன்றும். அதில் அழகானதைத் தேர்ந்தெடுப்பதற்குள் நேரம் போய்விடும். பிள்ளைகள் சரியாக எழுதிவிட்டு, பென்சிலைக் கீழே வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போகப் போக, ஒவ்வாததைக் கேட்டால் முதலில் மூன்றும் ஒன்றாய்ப் போவதைத் தேடு, மீந்தது தானே விடை என்பது அவருக்கும் புரிந்தது, அவர்களுக்கும் புரிந்தது. எந்த விடைக்கும் இரண்டு காரணம் சொல்ல முடிந்தால், அதில் சின்னப் பிள்ளைக்கும் விளங்குவதை எடுத்துக்கொள்வது என்று வகுப்பில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யாராவது சுற்றி வளைத்தால் மற்றவர்கள் "மீசை, மீசை" என்பார்கள். பெரும்பாலும் அது சக்ரவர்த்தியைப் பார்த்துத்தான்.

தேர்வு முடிந்து, மழைக்காலமும் முடிந்த பிறகு முடிவு வந்தது. அனு தேறியிருந்தாள். பள்ளியில் முதல் ஆள். இன்னும் இரண்டு பேர் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஸ்நேஹா. முருகேசன் ஒரு பெட்டி மைசூர்பாகு கொண்டுவந்து எல்லா வகுப்புக்கும் கொடுத்தார். சபாபதி காலைக் கூட்டத்தில் சக்ரவர்த்தியின் விளக்கும் திறமையை வெகுவாகப் புகழ்ந்தார். முன்வரிசையில் சில பிள்ளைகள் குனிந்துகொண்டு குலுங்கினார்கள்.

மாலையில் பள்ளி விட்டது. அப்பாவும் பெண்ணும் சந்நிதித் தெரு வழியாக நடந்தார்கள். அவர் ஏதோ ஆறுதலாக ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

"ஏன் போச்சுன்னு மட்டும் சொல்லாதேங்கோப்பா," என்றாள் ஸ்நேஹா.

அவர் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. முனையில் மிளகாய் பஜ்ஜி போடும் வண்டியில் ஒரு பொட்டலம் வாங்கினார். இரண்டு பேரும் நின்றபடியே தின்றார்கள். காரம் ஏறி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது காரத்தால்தானா என்று அவர் ஆராயவில்லை. பொட்டலம் காலியானதும் இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றாள்.